மடங்குகளைக் கற்பதும் பழகுவதும்: ஏழாம் வாய்ப்பாட்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் நடுவில் நிறுத்தி, “எட்டேழு எவ்வளவு?” என்று கேளுங்கள். உதடு அசையும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலிலிருந்து ஓடிவந்துதான் ஐம்பத்தாறைப் பிடிக்கும். “சரி, 84 ஏழின் மடங்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. புத்தகத்தில் வாய்ப்பாடு 70-ஓடு முடிந்துவிடுகிறதே!

வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. இடையில் எங்கே கேட்டாலும் சொல்வது வேறொரு திறமை. ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எதன் மடங்கு என்று கண்டுபிடிப்பது மூன்றாவது. ஒன்று வந்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடாது. பின்னத்தைச் சுருக்கும்போதும், வகுத்தல் போடும்போதும், ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு காணும்போதும் உதவுபவை பின்னால் சொன்ன இரண்டும்தான். மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். நெடுக உதாரணமாக 7-ஐ எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அது.

மடங்கு என்றால் என்ன, எது இல்லை

ஓர் எண்ணை 0, 1, 2, 3… என்று முழு எண்களால் பெருக்கினால் வருபவை அதன் மடங்குகள். 7-இன் மடங்குகள் 0, 7, 14, 21, 28… இந்த வரிசைக்கு முடிவே கிடையாது. 700 ஏழின் மடங்கு, 7007-உம் அப்படித்தான். ஓர் எண் தனக்குத்தானே மடங்கு. 0 எல்லா எண்ணுக்கும் மடங்கு. ஆனால் மீச்சிறு பொது மடங்கு கேட்கும்போது 0-ஐ விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் எல்லாக் கணக்குக்கும் விடை 0 ஆகிவிடும்.

பரீட்சையில் மதிப்பெண் போகிற இடம் காரணிக்கும் மடங்குக்கும் வருகிற குழப்பம். “12-இன் மடங்குகளை எழுது” என்றால் 1, 2, 3, 4, 6, 12 என்று எழுதிவைப்பார்கள். அவை காரணிகள், அதாவது 12-ஐ மீதியில்லாமல் வகுப்பவை. காரணி அந்த எண்ணைவிடப் பெரிதாக இருக்காது, எண்ணி முடித்துவிடலாம். மடங்கு (0 நீங்கலாக) அந்த எண்ணைவிடச் சிறிதாக இருக்காது, எண்ணி முடிக்க முடியாது. விடையை எழுதியதும் “இதில் 12-ஐவிடச் சின்னது இருக்கிறதா?” என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தவறு அங்கேயே அகப்பட்டுவிடும்.

உண்மையில் மனப்பாடம் செய்யவேண்டியது எத்தனை?

ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாட்டில் 100 விடைகள். பிள்ளைக்கு அது மலைபோலத் தெரியும். உட்கார்ந்து கழித்துக் காட்டுங்கள்.

3 × 8-உம் 8 × 3-உம் ஒன்றே. எனவே 100 என்பது 55 ஆகிறது. 1, 10 ஆகிய இரண்டையும் யாரும் படிக்கவேண்டியதில்லை. மீதி 36. 2 என்பது இரட்டிப்பு, 5 என்பது பத்தில் பாதி. இரண்டும் சீக்கிரம் வந்துவிடும். மீதி 21. 9-க்குப் பத்து மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும் (9 × 7 என்றால் 70 − 7). மீதி 15. 3 × 3, 4 × 4, 6 × 6, 7 × 7, 8 × 8 ஆகிய ஐந்தும் ஒரே எண் இரண்டுமுறை வருவதால் காதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நிற்பவை பத்தே பத்து:

3 × 4 = 12
3 × 6 = 18
3 × 7 = 21
3 × 8 = 24
4 × 6 = 24
4 × 7 = 28
4 × 8 = 32
6 × 7 = 42
6 × 8 = 48
7 × 8 = 56

இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதிப் படிக்கிற மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். வாய்ப்பாட்டு அட்டை முழுவதையும் ஒட்டுவதைவிட இது பலன் தரும்.

மனப்பாடமே கூடாது என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை வைத்து முழு எண்களோடு கால், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரை பின்னங்களுக்கும் வாய்ப்பாடு சொல்லவைத்தார்கள். காகிதமும் பேனாவும் இல்லாமல் நெல்லும் நிலமும் கணக்குப் பார்க்க அது உதவியது. பொருள் தெரியாமல் ராகத்தை மட்டும் மனப்பாடம் செய்வதில்தான் கோளாறு.

எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண்

வாய்ப்பாட்டுப் புத்தகம் 2, 3, 4, 5 என்று போகிறது. கற்பிக்க அந்த வரிசை உதவாது. 2, 10, 5 முதலில். பிறகு 4, 8, ஏனென்றால் இரண்டின் இரட்டிப்பு நான்கு, நான்கின் இரட்டிப்பு எட்டு. அடுத்து 3, அதன் இரட்டிப்பான 6. பிறகு 9. கடைசியில் 7. அப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் புதிதாக வருவது 7 × 7 = 49 ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்கெனவே வேறு வீட்டில் பார்த்த முகங்கள்.

ஓர் எண்ணுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். 7-க்கும் 8-க்கும் இரண்டு வாரம் ஆனாலும் அவசரப்படுத்த வேண்டாம்.

படி 1: பல்லாங்குழியில் ஒரு வரிசை

பல்லாங்குழிப் பலகையில் 14 குழிகள், பக்கத்துக்கு 7. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. ஒரு பக்கத்து 7 குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். 70 புளியங்கொட்டையோ சோழியோ எண்ணி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் ஏழு வட்டம் போட்டால் போதும்.

குழிக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். மொத்தம் 7. மறுபடியும் குழிக்கு ஒன்று. இப்போது குழிக்கு இரண்டு, மொத்தம் 14. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டு கேள்வி மட்டும்: “ஒரு குழியில் எத்தனை? மொத்தம் எத்தனை?” விடையை நோட்டில் எழுதவேண்டும். மொத்தத்தை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ண விடாதீர்கள். முந்தைய மொத்தத்தோடு ஏழைக் கூட்டவேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் எண்ணிச் சரிபார்க்கலாம்.

ஐந்தாவது சுற்றில் நிறுத்துங்கள். குழிக்கு 5, மொத்தம் 35. இப்போது குழிக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள்: 28, 21, 14, 7, 0. பின்னோக்கி வருவது கடினமாக இருக்கும், ஆனால் இங்கேதான் வாய்ப்பாட்டின் ராகம் உடைந்து கணக்கு வெளியே வருகிறது. 0 ஏன் மடங்கு என்பதும் காலிக் குழிகளைப் பார்த்ததும் தானாகப் புரியும்.

அடுத்து, குழிக்கு 5 இருக்கும்போது ஆறு குழிகளுக்கு மட்டும் ஒன்று சேர்த்து, ஏழாவதை விட்டுவிடுங்கள். மொத்தம் 41. “இது ஏழின் மடங்கா?” குழிகள் சமமாக இல்லை, அதனால் இல்லை. இன்னும் எத்தனை வேண்டும்? ஒன்று. மீதி என்கிற கருத்துக்கு இதுவே அடித்தளம். இதை வகுத்தல் பாடம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

6-ஆம் வாய்ப்பாட்டுக்கு ஒரு குழியை மூடிவிடலாம், 8-க்கு எதிர்வரிசையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்.

படி 2: தாவல், பத்தைத் தாண்டுவது

ஒரு நீளமான கோடு போட்டு 0 முதல் 70 வரை குறியுங்கள். கோட்டில் 7, 7-ஆகத் தாவவேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது பத்தைத் தாண்டுகிற இடத்தில். 28 + 7 என்றால் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக ஏழைப் பிளக்கச் சொல்லிக்கொடுங்கள். 28 முப்பதை எட்ட 2 வேண்டும். ஏழில் 2 போனால் 5. ஆகவே 30 + 5 = 35. அதேபோல் 49 + 1 + 6 = 56, 56 + 4 + 3 = 63. 7-ஐ 1 + 6, 2 + 5, 3 + 4 என்று மூன்று விதமாகப் பிளப்பது கைவந்தால் தாவல் சறுக்காது.

இங்கே வரும் தவறுகளை விடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

7, 13, 19, 25 என்று எழுதியிருந்தால், தொடங்கும் எண்ணையும் சேர்த்து விரல் விட்டிருக்கிறது என்று பொருள். முதல் விரலை மடக்கும்போதே “ஏழு” என்று சொல்லித் தொடங்கினால் ஏழாவது விரலில் 13-தான் வரும். ஏழை மனதில் வைத்துக்கொண்டு முதல் விரலுக்கு “எட்டு” என்று சொல்லவேண்டும் எனத் திருத்துங்கள்.

7, 14, 21, 28, 34, 41, 48 என்று இருந்தால் பிசகு ஒரே இடத்தில்தான், 28-இலிருந்து 34-க்குப் போனபோது. அதன்பின் தாவல்கள் எல்லாம் சரி. “எல்லாம் தப்பு” என்று சிவப்பு மையால் கோடு போடாதீர்கள். பிசகிய இடத்தை வட்டமிட்டுக் கொடுத்தால் மீதியை அதுவே திருத்திக்கொள்ளும்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. ‘ஃபோர்டீன்’ என்று கேட்டு ‘ஃபார்ட்டி’ என்று எழுதுவார்கள். 14 இருக்கவேண்டிய இடத்தில் 40 இருந்தால் கணக்கில் குறையில்லை, காதில்தான் குறை. வீட்டில் “ஈரேழு” என்றும் பள்ளியில் “செவன் டூஸ் ஆர்” என்றும் கேட்கிற பிள்ளைக்கு, ஏழு ஏழாக இரண்டு குவியலா, இரண்டு இரண்டாக ஏழு குவியலா என்ற குழப்பமும் வரும். விடை ஒன்றே என்பதைப் பல்லாங்குழியில் காட்டிவிட்டு, மனப்பாடத்துக்கு ஏதாவது ஒரு முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நூறு கட்டம்

கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து எடுத்து 1 முதல் 100 வரை எழுதி, ஓர் எண்ணின் மடங்குகளுக்கு வண்ணம் தீட்டவேண்டும். ஒரு கட்டத்தில் ஓர் எண் மட்டும், பல எண்களைக் கலந்தால் ஒன்றும் தெரியாது.

2 ஐந்து நெடுவரிசையாக நிற்கும். 5 இரண்டு நெடுவரிசை. 9 இடப்பக்கம் சாய்ந்து இறங்கும், 11 வலப்பக்கம் சாய்ந்து இறங்கும். 7 கொஞ்சம் விளையாட்டு காட்டும். ஒரு வரி இறங்கி மூன்று கட்டம் இடப்பக்கம் போகும், ஏனென்றால் +7 என்பது +10, −3. இடப்பக்கம் இடமில்லாதபோது அதே வரியில் ஏழு கட்டம் வலப்பக்கம் தாவும், 21-இலிருந்து 28-க்குப் போவதுபோல. வண்ணம் தீட்டிய கட்டங்கள் 14, கடைசி எண் 98.

இப்போது அதே எண்களை வரிக்கு ஏழாக எழுதிப் பாருங்கள். ஏழின் மடங்குகள் எல்லாம் கடைசி நெடுவரிசையில் நேராக நிற்கும். மாதக் காலண்டர் இதே அமைப்புதான். எந்த மாதத்திலும் 7, 14, 21, 28 தேதிகள் ஒரே கிழமையில் வருவதன் காரணம் இது.

படி 4: ஒன்றாம் இலக்கம் பேசும்

7-இன் மடங்குகளின் ஒன்றாம் இலக்கங்களை மட்டும் எழுதுங்கள்: 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. பத்து இலக்கமும் ஒருமுறை வந்துவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்கும். 3-ஆம் வாய்ப்பாட்டில் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0 என்று வருகிறது. முதல் ஒன்பதையும் தலைகீழாகப் படித்தால் ஏழினுடையது. கூட்டினால் 10 ஆகிற எண்கள் எல்லாமே இப்படி ஜோடி. 4-க்கு 4, 8, 2, 6, 0 என்றால் 6-க்கு 6, 2, 8, 4, 0.

இதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஏழின் முதல் பத்து மடங்குகளை எழுதியபின் ஒன்றாம் இலக்கங்களைப் பாருங்கள். ஏதாவது இரண்டுமுறை வந்தால் எங்கோ தவறு. மேலே பார்த்த 28, 34 பிசகில் 14-உம் 34-உம் 4-இல் முடிகின்றன, உடனே பிடிபடும். சரியாகப் பத்தால் பிசகினால் மட்டும் (28-க்குப் பிறகு 45 என்றால்) இந்தச் சோதனை ஏமாந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை: வட்டம் வரைந்து, சுற்றிலும் சம இடைவெளியில் 0 முதல் 9 வரை எழுதுங்கள். 0-இலிருந்து 7, 4, 1, 8… என்று கோடு இழுத்தால் பத்து முனை நட்சத்திரம் வரும். 3-க்கும் அதே நட்சத்திரம், எதிர்த்திசையில். 4-க்கும் 6-க்கும் ஐந்து முனை நட்சத்திரம். 2-க்கும் 8-க்கும் ஐங்கோணம். 5-க்கு ஒரே ஒரு கோடு. ஏன் அப்படி என்று பிள்ளையே கேட்கட்டும்.

படி 5: தூண்களைப் பிடித்து ஏறுவது

வரிசையாக ஓடிவராமல் இடையில் நுழைய, சில விடைகளைத் தூண்களாக வைத்துக்கொள்ளவேண்டும். 7-க்கு இரண்டு தூண்கள்: ஐயேழு 35, பத்தேழு 70. ஆறேழு என்றால் 35 + 7 = 42. நாலேழு என்றால் 35 − 7 = 28. ஒன்பதேழு என்றால் 70 − 7 = 63. எட்டேழுக்கு இரட்டிப்புப் பாதை எளிது: 14, 28, 56.

பிள்ளைகள் மாற்றிச் சொல்கிற ஜோடிகள் பெரும்பாலும் இவைதான்: 54-உம் 56-உம், 42-உம் 48-உம், 63-உம் 64-உம். இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் தீராது. எதிரெதிரே வைத்துப் பிரிக்கவேண்டும். 54 என்பது 6 × 9, அதாவது 60 − 6. 56 என்பது 28-இன் இரட்டிப்பு, 7 × 8. (5, 6, 7, 8 என்று வரிசையாக வருகிறது: 56 = 7 × 8. ஒருமுறை காட்டினால் மறக்காது.) 63 ஒற்றை எண், ஆகவே 8-ஆம் வாய்ப்பாட்டில் இருக்கவே முடியாது. 64 எட்டின் வர்க்கம்.

இதற்குச் சீட்டு முறை. பழைய அழைப்பிதழ் அட்டையைச் சின்னதாக வெட்டி, முன்பக்கம் 7 × 8, பின்பக்கம் 56 என்று எழுதுங்கள். மேலே சொன்ன பத்துக்கும் பத்துச் சீட்டு, வர்க்கங்களுக்கு ஐந்து. மூன்று டப்பா வேண்டும். எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில் தொடங்கும். அது தினமும் எடுப்பது. சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் டப்பாவுக்குப் போகும், அதை மூன்று நாளைக்கு ஒருமுறை எடுப்போம். அங்கும் சரியென்றால் மூன்றாம் டப்பா, வாரத்துக்கு ஒருமுறை. எங்கே தவறினாலும் சீட்டு முதல் டப்பாவுக்குத் திரும்பிவிடும். இதனால் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி நேரம் வீணாவது நிற்கும்.

விடை மூன்று விநாடிக்குள் வந்தால் மனதில் இருக்கிறது. ஐந்து, ஆறு விநாடி ஆனால் கணக்கிட்டுச் சொல்கிறது. அதுவும் சரியான விடைதான், ஆனால் அந்தச் சீட்டு மேலே போகவேண்டாம், அதே டப்பாவில் இருக்கட்டும். இந்த விநாடிக் கணக்கு உங்கள் மனதோடு இருக்கட்டும். எதிரே கடிகாரத்தை வைத்தால் தெரிந்த விடையும் நாக்கிலேயே நின்றுவிடும்.

ஒரு வாரம் கழித்துச் சீட்டைத் திருப்புங்கள். 56-ஐக் காட்டி “எதெதன் மடங்கு?” என்று கேளுங்கள். 7, 8 என்று முதலில் வரும். 2, 4, 14, 28 என்று தொடர்ந்தால் காரணிப் பாடத்தில் பாதி முடிந்தது. 24-க்கு இரண்டு சீட்டு இருப்பதையும் அப்போது கவனிப்பார்கள்.

ஒருநாளைக்குப் பத்து நிமிடம் போதும். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று பிரித்தால் இன்னும் நல்லது. வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது.

படி 6: எழுபதுக்கு அப்பால்

இங்கே தேவைப்படுவது ஒரே விதி. ஓர் எண்ணின் இரண்டு மடங்குகளைக் கூட்டினாலும் கழித்தாலும் அதே எண்ணின் மடங்குதான் வரும். பல்லாங்குழியில் பார்த்ததுதான் இது: சமமாக இருக்கிற குழிகளில் இன்னும் சமமாகப் போட்டால் சமமாகவே இருக்கும்.

84 = 70 + 14, மடங்கு. 91 = 70 + 21, மடங்கு. 119 = 70 + 49, மடங்கு. 364 = 350 + 14, மடங்கு. 100 = 70 + 30, முப்பதில் 28 போக 2 மீதி, மடங்கு இல்லை. 7-க்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதமுள்ள எண்ணிலிருந்து கழிக்கவேண்டும். 364-இல் 36 − 8 = 28. 28 மடங்கு என்பதால் 364-உம் மடங்கு. ஆனால் மூன்றிலக்கம் வரை பிரித்துப் பார்ப்பதே வேகம்.

மற்ற எண்களுக்கான விதிகள் சுருக்கமாக: 4-க்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும், ஏனென்றால் 100 நான்கின் மடங்கு. 8-க்குக் கடைசி மூன்று, 1000 எட்டின் மடங்கு. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களின் கூடுதல். 6-க்கு 2-இன் விதியும் 3-இன் விதியும் சேர்ந்து. இதைப் பார்த்து “2-க்கும் 4-க்கும் மடங்கானால் 8-க்கும் மடங்கு” என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். 12-ஐக் காட்டுங்கள். அந்த உத்தி செல்லுவது இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதபோது மட்டும்.

51, 57, 87, 91, 119 ஆகிய ஐந்தும் பகா எண்போல வேஷம் போடுபவை. முதல் மூன்றும் மூன்றின் மடங்குகள், பின் இரண்டும் ஏழின் மடங்குகள்.

‘12 ஆண்டுக்கு ஒருமுறை’ வருவதெல்லாம் 12-இன் மடங்கா?

கும்பகோணம் மகாமகம் 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018-இல் பூத்தது. இரண்டுக்கும் இடைவெளி 12. பிள்ளையிடம் இரண்டு வரிசைகளையும் கொடுத்து, எவை 12-இன் மடங்கு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

1992-இல் இலக்கக் கூடுதல் 21, மூன்றின் மடங்கு. கடைசி இரண்டு இலக்கம் 92, நான்கின் மடங்கு. ஆக 12-இன் மடங்கு. அதோடு 12-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 2004, 2016-உம் அப்படியே. 1994 என்பது 1992 + 2. குறிஞ்சி ஆண்டுகள் எல்லாமே 12-ஆல் வகுத்தால் 2 மீதி தருபவை, மடங்குகள் இல்லை. (மகாமக ஆண்டுகள் மடங்காக அமைந்தது தற்செயல்தான். அது வியாழன் சிம்ம ராசிக்கு வருவதைப் பொறுத்தது.)

சம இடைவெளியில் போகிற வரிசை எல்லாம் மடங்கு வரிசை ஆகிவிடாது. 5, 12, 19, 26 என்று ஏழேழாகப் போகும் வரிசையில் ஏழின் மடங்கு ஒன்றுகூட இல்லை. தொடக்க எண் மடங்காக இருந்தால்தான் வரிசை முழுவதும் மடங்கு. நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டால் பத்தாம் வகுப்பில் கூட்டுத்தொடர் வரிசை பயமுறுத்தாது.

படி 7: பொது மடங்குகள்

6-க்கும் 8-க்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? இரண்டு வரிசையையும் நீளமாக எழுதிப் பொதுவானதைத் தேடுவதுதான் பாடமுறை. அதைவிடச் சுருக்கம், பெரிய எண்ணின் மடங்குகளை மட்டும் சொல்லிக்கொண்டே வந்து ஒவ்வொன்றும் சிறியதன் மடங்கா என்று பார்ப்பது. 8, இல்லை. 16, இல்லை. 24, ஆம். 12-க்கும் 18-க்கும்: 18, இல்லை. 36, ஆம். முடிந்தது.

இரண்டையும் பெருக்கி 48 என்றோ 216 என்றோ எழுதுவது வழக்கமான தவறு. அவையும் பொது மடங்குகள்தான், ஆனால் மிகச் சிறியவை அல்ல. பெருக்குத்தொகையே விடையாக வருவது 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லாதபோது, 7-க்கும் 8-க்கும் 56 வருவதுபோல. (இலங்கைப் பாடநூல்களில் இதே கணக்கு ‘பொ.ம.சி.’ என்ற பெயரில் இருக்கும். பொது மடங்குகளுட் சிறியது என்பதன் சுருக்கம் அது.)

பயிற்சிக்குப் பஸ், மணி, விளக்கு என்று பாடநூலில் நிறையக் கணக்குகள் கிடைக்கும். ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 ஆண்டு, சனி வர ஏறக்குறைய 30 ஆண்டு. 30, இல்லை. 60, ஆம். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகள் அறுபது. 1987 ஏப்ரலில் தொடங்கிய பிரபவ மறுபடி வருவது 2047-இல்.

இதுவரை வந்த பிள்ளைக்கு ஒரு பழைய புதிர் கொடுங்கள். ஒரு கூடையில் முட்டைகள். இரண்டிரண்டாக எடுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. மும்மூன்றாக, நந்நான்காக, ஐயைந்தாக, அவ்வாறாக எடுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஏழேழாக எடுத்தால் மட்டும் மிச்சமில்லை. குறைந்தது எத்தனை முட்டை?

ஒன்றை ஓரமாக எடுத்துவைத்தால் மீதி 2, 3, 4, 5, 6 ஐந்துக்கும் பொது மடங்கு. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே விடை 61, 121, 181, 241, 301… இவற்றுள் ஒன்று. ஏழின் மடங்கா என்று பிரித்துப் பாருங்கள். 61-இல் 5 மீதி. 121-இல் 2 மீதி. 181-இல் 6 மீதி. 241-இல் 3 மீதி. 301 = 280 + 21, மடங்கு. 301 முட்டை.

அடுத்த விடை எது என்று கேட்டால், 302-இலிருந்து ஒவ்வொன்றாகத் தேடவேண்டாம். 60-க்கும் 7-க்கும் மீச்சிறு பொது மடங்கு 420. அதைக் கூட்டினால் 721.